37 கிலோவாட் கம்ப்ரசர்: காற்றுக்கு எவ்வளவு கரண்ட், எவ்வளவு கார்பன்?

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு மெஷின் ஷாப். 37 கிலோவாட் (50 எச்.பி.) ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்று 7.5 பார் அழுத்தத்தில், நாளொன்றுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடுகிறது. காற்றைச் சேமித்து வைக்கும் ரிசீவர் டேங்க் 1,000 லிட்டர். காற்றுக்கு மட்டும் ஆண்டுக்கு எவ்வளவு மின்செலவு? வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கும் கார்பன் கணக்கில் எந்த எண்ணை எழுதுவது? கசிவை அடைத்தால் எவ்வளவு மிச்சமாகும்?

பதில்:

எல்லோரும் முதலில் போடுவது 37 × 16 × 300 = 1,77,600 யூனிட் என்ற கணக்கைத்தான். இந்த எண் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கவும் கூடும். கீழே போடும் கணக்கிலும் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால்தான் அப்படி வருகிறது. லோடில், அதாவது காற்றை அழுத்தும்போது, இயந்திரம் 37 கிலோவாட்டைவிட அதிகம் இழுக்கிறது. அன்லோடில், அதாவது காற்றை அனுப்பாமல் வெறுமனே சுற்றும்போது, அதைவிடக் குறைவாக இழுக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் போட்டால், நாளைக்கு நீங்கள் கசிவை அடைத்தாலும் பிரஷரைக் குறைத்தாலும் இந்த எண் அசையாது. செலவு, கார்பன் இரண்டுமே யூனிட் எண்ணிக்கையின் மேல் நிற்பவை. யூனிட் சரியாக இருந்தால் மீதி வெறும் பெருக்கல்தான்.

37 கிலோவாட் என்பது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் சக்தி. மோட்டார் திறன் 93 சதவீதம் என்றால் உள்ளே போவது ஏறக்குறைய 40. அதோடு கூலிங் ஃபேன் சேரும். பல தயாரிப்பாளர்கள் மோட்டாரின் சர்வீஸ் ஃபேக்டரை (கூடுதல் லோடைத் தாங்க விட்டிருக்கும் இடம்) பயன்படுத்திப் பெயர்ப்பலகை அளவுக்கு மேலும் லோடு ஏற்றுகிறார்கள். அதனால் இந்த அளவு இயந்திரத்தில் 42 முதல் 45 கிலோவாட் வரை பார்ப்பது சாதாரணம்.

அளப்பதற்குக் கிலோவாட் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஆம்பியர் மட்டும் காட்டுவது போதாது. லோடில் 69 ஆம்பியரும் அன்லோடில் 39 ஆம்பியரும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்பியரை மட்டும் பார்த்தால் அன்லோடில் 57 சதவீத மின்சாரம் போவதாகத் தெரியும். ஆனால் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, லோடில் 0.87, அன்லோடில் அது 0.5 அளவுக்கு விழுந்துவிடுகிறது. 415 வோல்ட்டில் கணக்கிட்டால் முதலாவது 43 கிலோவாட், இரண்டாவது 14 கிலோவாட். அதாவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

கிளாம்பை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்குப் பிறகு மோட்டாருக்குப் போகும் ஆறு கேபிளில் ஒன்றில் மாட்டினால் லைன் கரண்டில் 58 சதவீதம்தான் காட்டும். பேனலுக்கு உள்ளே வரும் மூன்று கேபிளில் மாட்டுங்கள்.

இன்னொரு விஷயம் பலரும் கவனிப்பதில்லை. அன்லோடு ஆன நொடியிலேயே இயந்திரம் 14 கிலோவாட்டுக்கு இறங்கிவிடாது. காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டர் டேங்கில் இருக்கும் காற்று மெல்ல வெளியேறும்வரை ஸ்க்ரூ அந்த அழுத்தத்துக்கு எதிராகத்தான் சுற்றுகிறது. மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்: 25, 22, 19 என்று இறங்கி 14-ஐத் தொட 40 நொடிக்கு மேல் ஆகும். உங்கள் ரிசீவர் 1,000 லிட்டர்தான். வேலை நேரத்தில் அன்லோடு சுமார் 20 நொடி நீடிக்கும், அதற்குள் மறுபடி லோடு விழுந்துவிடும். அதனால் அன்லோடின் உண்மையான சராசரி 14 இல்லை, 20-க்குப் பக்கம். இதைக் கண்ணால் பார்த்துக் குறிக்க முடியாது. சப்-மீட்டர் ஒன்றை நிரந்தரமாகப் போடுங்கள், இல்லையென்றால் நொடிக்கு ஒரு முறை பதியும் லாகரை ஒரு வாரம் மாட்டி வையுங்கள். விடுமுறை வராத, வழக்கமான உற்பத்தி நடக்கும் வாரமாக அது இருக்கட்டும்.

இனி ஆண்டுக் கணக்கு. கம்ப்ரசர் கண்ட்ரோலரில் மொத்த ஓட்ட நேரம், லோடு நேரம் இரண்டும் தனித்தனியாக இருக்கும். சென்ற ஆண்டின் முதல் நாள் ரீடிங்கைக் கடைசி நாள் ரீடிங்கிலிருந்து கழியுங்கள். உங்களுடையதைப் போன்ற ஷாப்புக்குப் பொருந்தும் எண்களை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன், அந்த இடங்களில் உங்கள் அளவுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டம் 4,800 மணி, அதில் லோடு 3,360 மணி, அன்லோடு 1,440 மணி.

லோடு: 3,360 × 43 = 1,44,480 யூனிட்
அன்லோடு: 1,440 × 20 = 28,800 யூனிட்
ரெஃப்ரிஜரேஷன் டிரையர் (காற்றைக் குளிர்வித்து ஈரத்தை எடுப்பது): 4,800 × 1.5 = 7,200 யூனிட்
மொத்தம்: 1,80,480 யூனிட்

அன்லோடுக்கு 14 என்று போட்டிருந்தால் 8,640 யூனிட் கணக்கில் வராமலே போயிருக்கும். டிரையரைச் சேர்க்க மறக்காதீர்கள், அதற்குத் தனி ஸ்டார்ட்டர் இருப்பதால் பெரும்பாலும் விட்டுப்போகும். ரெஃப்ரிஜரேஷன் டிரையருக்குப் பதிலாக ஹீட்லெஸ் டெசிகன்ட் டிரையர் இருந்தால் அது மின்சாரம் அதிகம் எடுக்காது. ஆனால் தன்னை உலர்த்திக்கொள்ளவே காற்றில் 15 சதவீதத்துக்கு மேல் வெளியே விடும். அந்தச் செலவு கம்ப்ரசரின் லோடு நேரத்துக்குள் ஒளிந்திருக்கும்.

செலவுக்கு எந்த விலை? காற்றுக்கு மொத்தமாக எவ்வளவு போகிறது என்பது கேள்வியானால், இ.பி. பில்லின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையை எடுங்கள். டிமாண்ட் கட்டணம் (ஒரே நேரத்தில் இழுக்கும் அதிகபட்சச் சக்திக்கு, கே.வி.ஏ. கணக்கில் வருவது), உச்ச நேரக் கூடுதல், மின்வரி எல்லாம் அதில் அடங்கிவிடும். அது 8.50 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 15.34 லட்சம் ரூபாய். ஆனால் மிச்சத்தைக் கணக்கிடும்போது இந்த விலையைப் போடக்கூடாது. கசிவை அடைத்தாலும் லோடில் இயந்திரம் அதே 43 கிலோவாட்டைத்தான் இழுக்கும், அதிகபட்ச டிமாண்ட் குறையாது, கே.வி.ஏ.வுக்கான கட்டணமும் குறையாது. குறைவது யூனிட் கட்டணமும் அதன் மேல் வரியும்தான். அதை இங்கே 7.60 என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, இந்த 1,80,480 யூனிட்டுக்கு எவ்வளவு காற்று கிடைத்தது என்று தெரிய வேண்டும். கேட்டலாக்கில் நிமிடத்துக்கு 6.2 கன மீட்டர், அதாவது சுமார் 219 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) என்று இருக்கும். அது ஐ.எஸ்.ஓ. 1217 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி புது இயந்திரத்தில் எடுத்த அளவு. ஆண்டுகள் ஓடிய இயந்திரத்தின் இன்றைய நிலையை ரிசீவரை நிரப்பிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஷாப்புக்குப் போகும் வால்வை மூடுங்கள். ரிசீவரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டுக் காற்றையும் இறக்குங்கள். கம்ப்ரசரை ஓட்டி, பிரஷர் 2 பாரிலிருந்து 7 பார் ஏற எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் எடுங்கள். பூஜ்யத்திலிருந்து எடுக்க வேண்டாம். ஸ்டார்ட் ஆன சில நொடிகள் இயந்திரம் அன்லோடில்தான் இருக்கும்.

காற்று அளவு = (பிரஷர் ஏற்றம் ÷ வளிமண்டல அழுத்தம்) × (கொள்ளளவு ÷ நிமிடம்) × (273 + உறிஞ்சும் காற்றின் வெப்பம்) ÷ (273 + ரிசீவர் காற்றின் வெப்பம்)

கொள்ளளவு என்றால் ரிசீவர் மட்டும் இல்லை. வால்வு வரையுள்ள பைப், கூலர், செபரேட்டர் டேங்கில் ஆயில் போக மீதியுள்ள இடம் எல்லாம் சேரும். அதை 1.04 கன மீட்டர் என்று வைப்போம். வளிமண்டல அழுத்தத்துக்கு 1.013 என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைப் போடாதீர்கள். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே அது சுமார் 0.965 பார். இந்த ஒரு எண்ணாலேயே விடை 5 சதவீதம் மாறும். 54 நொடி ஆனது, உறிஞ்சும் காற்று 35 டிகிரி, ரிசீவர் 44 டிகிரி என்றால்:

(5 ÷ 0.965) × (1.04 ÷ 0.9) × (308 ÷ 317) = நிமிடத்துக்கு 5.8 கன மீட்டர்

மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். கேட்டலாக்கைவிட 6 சதவீதம் குறைவு என்பது கொஞ்சம் தேய்மானம், கொஞ்சம் அடைத்த இன்டேக் ஃபில்டர். 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் இன்டேக் வால்வு முழுதாகத் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏர்-எண்டை (ஸ்க்ரூக்கள் இருக்கும் பகுதி) குறை சொல்வது அதற்குப் பிறகு.

ஆண்டுக் காற்று: 3,360 × 60 × 5.8 = 11,69,280 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 0.154 யூனிட், 1.31 ரூபாய். லோடில் மட்டும் பார்த்தால் நிமிடத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 43 ÷ 5.8 = 7.4 கிலோவாட் வருகிறது. 7 பார் பக்கத்தில் நல்ல நிலையில் உள்ள ஸ்க்ரூ இயந்திரம் 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கும். உங்களுடையது அரை பார் மேலே ஓடுகிறது, வயதும் ஆகிவிட்டது. 7.4 அவ்வளவு மோசமில்லை.

யாராவது ஃப்ளோ மீட்டர் போட்டுக் காட்டினால் எந்த அளவையில் காட்டுகிறது என்று கேளுங்கள். வெப்பமுறை ஃப்ளோ மீட்டர்கள் பெரும்பாலும் நார்மல் கன மீட்டரில் காட்டும். அது 0 டிகிரி, 1.013 பார் நிலைக்கு மாற்றிய அளவு. 35 டிகிரியில், 0.965 பாரில் உறிஞ்சிய ஒரு கன மீட்டர் அந்தக் கணக்கில் 0.84 தான். “மீட்டரில் 16 சதவீதம் காற்று காணவில்லை” என்று கிளம்பும் சண்டைகளில் பாதி இதனால் வருபவை.

இப்போது கசிவு. ஞாயிற்றுக்கிழமையோ சாப்பாட்டு இடைவேளையோ பார்த்து எல்லா மெஷினையும் நிறுத்துங்கள். ஏர் லைன் வால்வுகள் திறந்தே இருக்கட்டும். கம்ப்ரசர் மட்டும் ஓடட்டும். யாரும் காற்று எடுக்காத நிலையில் அது லோடுக்குப் போனால் அந்தக் காற்று முழுவதும் கசிவுதான். குறைந்தது ஐந்து சுற்றுக்கு லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். லோடு 21 நொடி, அன்லோடு 48 நொடி என்றால் 21 ÷ 69 = 30.4 சதவீதம். கசிவு நிமிடத்துக்கு 1.76 கன மீட்டர்.

இந்த 30 சதவீதம் இயந்திரத்தின் முழுத் திறனில் கணக்கிட்டது. ஷாப்புக்குச் சராசரியாகப் போவது முழுத் திறனில் 70 சதவீதம், நிமிடத்துக்கு 4.06 கன மீட்டர்தான். அதில் 1.76 என்பது 43 சதவீதம். உற்பத்தி செய்த காற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எந்த வேலையும் செய்யாமல் போகிறது. கசிவு 30 சதவீதம் என்று எழுதுபவர்கள் எதில் 30 சதவீதம் என்றும் எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய தவறு அடுத்த படியில் நடக்கும். கசிவில் பாதியை அடைக்கிறோம், நிமிடத்துக்கு 0.88 கன மீட்டர் மிச்சம், ஆண்டுக்கு 2,53,440 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.31 என்று பெருக்கி, ஆண்டுக்கு 3.3 லட்சம் சேமிப்பு என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து முதலாளி பில்லைப் பார்ப்பார், அந்தப் பணம் அங்கே இருக்காது.

காரணம் இதுதான். காற்றுத் தேவை குறைந்தால் இயந்திரம் நிற்பதில்லை, அன்லோடுக்குப் போகிறது. 0.88 ÷ 5.8 = 15.2 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 728 மணி நேரம் லோடிலிருந்து அன்லோடுக்கு மாறும். மிச்சம் 728 × (43 − 20) = 16,744 யூனிட். 7.60 வீதம் 1.27 லட்சம் ரூபாய். அறிக்கையில் எழுதியதில் பாதிகூட இல்லை. அதற்காகக் கசிவை விட்டுவிட வேண்டாம். ஒரு ரோல் டெஃப்லான் டேப், சில கப்ளர்கள், இரண்டு ஆள் நாள் செலவில் 1.27 லட்சம் என்பது நல்ல வரவு. ஆனால் எண்ணைச் சரியாகச் சொன்னால்தான் அடுத்த செலவுக்கு ஒப்புதல் கிடைக்கும்.

அடுத்த செலவு என்றால், மீதிப் பணம் அன்லோடில் அடைபட்டிருக்கிறது. அதை எடுக்க இரண்டு வழி உண்டு. 3,000 லிட்டர் ரிசீவர் ஒன்றைக் கூடுதலாக வைத்தால் அன்லோடு ஒவ்வொரு முறையும் 80 நொடிக்கு மேல் நீடிக்கும், செபரேட்டர் முழுதாகக் காலியாகும், அன்லோடு சராசரி 20-லிருந்து 16.5 அளவுக்கு இறங்கும். கசிவை அடைத்த பிறகு அன்லோடு நேரம் 2,168 மணி என்பதால் சுமார் 7,600 யூனிட், 58,000 ரூபாய். இல்லையென்றால் வேகம் மாறும் வி.எஃப்.டி. கம்ப்ரசர். 55 சதவீத சராசரி லோடில் அது 25 கிலோவாட் பக்கத்தில் ஓடும். பெரிய ரிசீவர் வைத்த பழைய இயந்திரத்தின் சராசரி 31. ஆண்டுக்கு 25,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் எப்போதும் 90 சதவீதத்துக்கு மேல் லோடில் ஓடும் இடத்தில் வி.எஃப்.டி. வைத்தால், டிரைவின் இழப்பால் பில் கூடத்தான் செய்யும். கசிவை அடைப்பதற்கு முன்பே வி.எஃப்.டி. வாங்குவதும் தவறு. தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கிவிடுவீர்கள்.

கசிவு எங்கே இருக்கும்? மெயின் பைப்பில் குறைவு, கடைசி இரண்டு மீட்டரில்தான் அதிகம். பி.யூ. டியூப் குத்தும் புஷ் ஃபிட்டிங், தேய்ந்த குயிக் கப்ளர், எஃப்.ஆர்.எல். (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) யூனிட்டின் கிண்ண அடிப்பகுதி, ஹோஸ் கிளிப், சிலிண்டர் கிளாண்டு. டைமர் வைத்த ஆட்டோ டிரெயினைத் தனியாகப் பாருங்கள், துரு மாட்டிப் பாதி திறந்தபடியே நின்றுவிடும். சத்தத்தை ‘தண்ணீர் வடிகிறது’ என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். 7 பாரில் 1 மி.மீ. துளை தொடர்ந்து அரை கிலோவாட் வரை தின்னும். 3 மி.மீ. என்றால் துளையின் விளிம்பைப் பொறுத்து நிமிடத்துக்கு 0.4 முதல் 0.65 கன மீட்டர், ஏறக்குறைய 3 முதல் 5 கிலோவாட்டுக்கான காற்று. சில்லுகளை ஊதித் தள்ள வெறும் 6 மி.மீ. குழாயை நீட்டி வைத்திருந்தால் அது நிமிடத்துக்கு 2 கன மீட்டர் அளவுக்கு எடுக்கும். கசிவுச் சோதனையில் இது தெரியாது, ஏனென்றால் அது ‘உபயோகம்’. நாசில் கன்னும் 2 பாருக்கு ரெகுலேட்டரும் போடுங்கள்.

பிரஷரைப் பொறுத்தவரை, 1 பார் குறைத்தால் லோடு சக்தியில் 6 முதல் 7 சதவீதம் குறையும். உங்களுக்கு ஆண்டுக்கு 8,600 யூனிட்டுக்குக் குறையாது. கசிவும் 12 சதவீதம் அளவுக்குத் தானாகக் குறையும். 7.5 ஏன் வைத்தார்கள் என்று விசாரியுங்கள். லைனின் கடைசியில் உள்ள ஒரு கிளாம்பிங் சிலிண்டருக்குக் காற்று போதவில்லை என்று யாரோ ஏற்றியிருப்பார்கள். அந்த இடத்தில் கேஜ் வைத்து, ரிசீவருக்கும் அதற்கும் வித்தியாசம் அரை பாருக்கு மேல் இருந்தால் அடைத்த ஃபில்டர் எலிமென்டையோ சிறிய ஹோஸையோ மாற்றுங்கள். கம்ப்ரசர் அறையின் வெப்பக் காற்றைக் கம்ப்ரசரே திரும்ப உறிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். 4 டிகிரி கூடினால் ஏறக்குறைய 1 சதவீதம் மின்சாரம் கூடும்.

இனி கார்பன். இந்தியக் கிரிட்டுக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் உமிழ்வுக் காரணி வெளியிடுகிறது. 2023-24க்கான சராசரி ஒரு யூனிட்டுக்கு 0.727 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நீங்கள் எழுதும் நிதியாண்டுக்கு வந்த பதிப்பைப் பாருங்கள், எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுங்கள். மாநிலத்துக்கென்று தனி எண் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், நாடு முழுவதும் ஒரே கிரிட்.

1,80,480 யூனிட்டும் கிரிட்டிலிருந்து வந்தால் 131.2 டன், ஒரு கன மீட்டருக்கு 112 கிராம். இது ஸ்கோப் 2, அதாவது வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வு. அதில் 6,000 யூனிட் கரண்ட் போன நேரத்தில் ஜெனரேட்டரில் ஓடியது என்றால் அதைப் பிரிக்க வேண்டும். லிட்டருக்கு 3.5 யூனிட் என்றால் 1,714 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 4.6 டன், இது ஸ்கோப் 1, அதாவது ஆலையிலேயே நேரடியாக வெளிவரும் உமிழ்வு. ஆலையின் மொத்த டீசலை ஏற்கெனவே ஸ்கோப் 1-இல் எழுதியிருந்தால் இதை மறுபடி கூட்டக்கூடாது. கம்ப்ரசரின் பங்கு என்று மட்டும் காட்டுங்கள். டிரையரில் குளிரூட்டும் ஆர்-134ஏ வாயு நிரப்ப வேண்டி வந்திருந்தால் அதுவும் ஸ்கோப் 1தான். ஒரு கிலோ கசிந்தால் 1.3 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மெக்கானிக்கின் சர்வீஸ் பில்லில் எத்தனை கிலோ நிரப்பினார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆணையத்தின் காரணி மின்நிலைய வாசலில் எடுத்த எண். கம்பியில் வழியில் ஏற்படும் இழப்பு ஸ்கோப் 3-க்கு (மற்ற மறைமுக உமிழ்வு) போகும், ஸ்கோப் 2-வில் ஏற்றிவிட வேண்டாம்.

கோவை, பல்லடம் பக்கம் பல ஆலைகளுக்குச் சொந்தக் காற்றாலை உண்டு. உங்களுக்கும் இருந்தால் வாடிக்கையாளருக்கு இரண்டு எண் கொடுக்க வேண்டும். இடம் சார்ந்த முறையில் (கிரிட்டின் சராசரியைப் போடுவது) காற்றாலை இருந்தாலும் 0.727-தான். சந்தை சார்ந்த முறையில் (எந்த மின்சாரத்தைப் பெற்றீர்களோ அதன் எண்ணைப் போடுவது) காற்றாலை யூனிட்டுகளுக்குப் பூஜ்யம் எழுதலாம். ஆனால் அந்த யூனிட்டுகளுக்கான புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழை விற்றிருந்தால் அந்த உரிமை வாங்கியவருடையது, நீங்கள் எழுத முடியாது. ஆலைக்கு வந்த காற்றாலை மின்சாரம் முழுவதையும் கம்ப்ரசருக்கே ஒதுக்கிப் பூஜ்யம் காட்டுவதும் கூடாது. மொத்தப் பயன்பாட்டில் அது 40 சதவீதம் என்றால் கம்ப்ரசருக்கும் 40 சதவீதம்தான்.

கசிவை அடைத்ததன் குறைப்பை எழுதும்போதும் 16,744 யூனிட்டையே எடுங்கள், அது 12.2 டன். சராசரி 112 கிராமை 2,53,440 கன மீட்டரோடு பெருக்கினால் 28 டன் வரும். சரிபார்ப்பவர் கண்ட்ரோலரின் லோடு நேரத்தைக் கேட்டால் அந்த 28 நிற்காது. அதனால் அடைப்பதற்கு முந்தின நாளும் அடுத்த நாளும் ஓட்ட நேரம், லோடு நேரம், சப்-மீட்டர் ரீடிங் மூன்றையும் கண்ட்ரோலர் திரையோடு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே ஐந்து சுற்றுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கப்ளர்கள் தேயத் தேய 21 நொடி மறுபடி ஏறும்.